குவாட்டர்பேக் என்பவர் யார், பால்டிமோர்க்காரர்கள் ஜானி யுனைட்டஸை ஏன் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பிக்கிற யாரும் சீக்கிரமே ஒரு வாக்குவாதத்தில் போய் மாட்டிக்கொள்வார்கள். இதுவரை ஆடியவர்களில் பெரிய குவாட்டர்பேக் யார்? டாம் பிரேடி என்பார் ஒருவர், 7 சூப்பர் பவுல், அதாவது வருடாந்திர இறுதி ஆட்டம், ஜெயித்தவர், அதற்கு மேல் என்ன பேச்சு என்பார். ஜோ மொன்டானா ஆடிய 4 சூப்பர் பவுலிலும் ஜெயித்தவர் என்று இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார். டேன் மரினோ ஒன்றுகூட ஜெயிக்கவில்லைதான், ஆனால் அந்தக் கைவீச்சு வேறு யாருக்கு வரும் என்று மயாமி ரசிகர் ஒருவர் குறுக்கே வருவார். அந்தக் கூட்டத்தில் பால்டிமோர் ஆள் ஒருவர் இருந்தால் அவர் சொல்லும் பெயர் ஜானி யுனைட்டஸ். அவர் உச்சத்தில் ஆடியதை நேரில் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்கூட அதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இது ஏன் என்று புரிய வேண்டுமென்றால் முதலில் குவாட்டர்பேக் என்ன வேலை செய்கிறார் என்று தெரிய வேண்டும். இந்த விளையாட்டையே பார்த்திராதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், தெரிந்தவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

மைதானம் 100 யார்டு நீளம், இரண்டு முனையிலும் 10 யார்டுக்கு ஒரு கட்டம். எதிரணியின் கட்டத்துக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து யாரிடம் இருக்கிறதோ அந்த அணிக்கு நான்கு வாய்ப்பு, அதை 'டவுன்' என்கிறார்கள். அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, முன்னேறாவிட்டால் பந்து கைமாறும். இவ்வளவு தெரிந்தால் ஒரு ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்துவிடலாம், மற்ற விதிகள் பார்க்கப் பார்க்கத் தானாகப் பிடிபடும்.

ஒவ்வொரு டவுனும் ஒரே மாதிரிதான் தொடங்கும். சென்டர் என்பவர் குனிந்து நின்று, தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுப்பார். அதை வாங்குபவர்தான் குவாட்டர்பேக். வாங்கிய நொடியிலிருந்து அவரைச் சாய்க்க எதிரணியின் பெரிய பெரிய ஆட்கள் ஓடி வருகிறார்கள், அவர்களை இவருடைய லைன்மேன்கள் தடுத்துப் பிடிக்கிறார்கள், அந்தத் தடுப்பு சராசரியாக இரண்டரை மூன்று நொடிதான் தாங்கும். அதற்குள் ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுப்பதா, ஓடிக்கொண்டிருக்கும் நான்கைந்து பேரில் யாருக்கு வீசுவது, வீசினால் எதிரணிக்காரன் குறுக்கே பாய்ந்து பிடித்துவிடுவானா என்பதையெல்லாம் முடிவு செய்தாக வேண்டும். பந்தைத் தொடாத டவுன் அவருக்குக் கிடையாது என்றே சொல்லலாம். அணி ஜெயித்தால் அவர் முகம்தான் செய்தித்தாளில் வரும், தோற்றால் ஊரே அவரைத்தான் திட்டும்.

யுனைட்டஸ் காலத்தில் இதற்கு மேலும் ஒரு பொறுப்பு இருந்தது. இன்றைக்கு குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது, 1994-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது, அடுத்து என்ன ஆட வேண்டும் என்று பயிற்சியாளர் அதில் சொல்லிவிடுவார். 1950-களில் அப்படி எதுவும் இல்லை. பத்து பேரும் வட்டமாகக் குனிந்து நிற்பார்கள், அந்த வட்டத்துக்கு ஹடில் என்று பெயர், அதன் நடுவே குவாட்டர்பேக் மண்டி போட்டு அடுத்த டவுனில் என்ன ஆடுவது என்று தானே யோசித்துச் சொல்வார். எதிரணியின் எந்த ஆள் களைத்துவிட்டான், எவன் ஏமாறுவான், போன தடவை என்ன செய்தோம், அதையே அவன் இந்தத் தடவையும் எதிர்பார்ப்பானா என்ற கணக்கெல்லாம் அவர் தலைக்குள்தான் ஓட வேண்டும். யுனைட்டஸைப் பற்றிக் கூட ஆடியவர்கள் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: அந்த வட்டத்துக்குள் அவர் நுழைந்தால் வேறு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சரி, ஆளைப் பார்ப்போம்.

1933-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர், குடும்பத்தின் பூர்வீகம் லித்துவேனியா. அவருக்கு ஐந்து வயதிருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார், அம்மாதான் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடினாலும் நோட்டர்டேம் பல்கலைக்கழகம் ஆள் ரொம்ப ஒல்லி என்று சேர்த்துக்கொள்ளவில்லை. கென்டக்கியில் லூயிவில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அணிகள் வருடா வருடம் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்; 1955-இல் சொந்த ஊர் அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 9-ஆவது சுற்றில் அவரை எடுத்தது, எடுத்துவிட்டுப் பயிற்சி முகாமிலேயே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் ஒரே ஒரு டவுன்கூட அவருக்குத் தரவில்லை. வீடு திரும்பும்போது பஸ் காசை மிச்சம் பிடிக்க, வழியில் போன கார்களைக் கைகாட்டி நிறுத்தி ஏறித்தான் ஊர் வந்து சேர்ந்தார்.

அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கட்டட வேலைக்குப் போனார், தரைக்குள் தூண் இறக்கும் குழுவில் கூலி வேலை. வார இறுதியில் ப்ளூம்ஃபீல்டு ராம்ஸ் என்ற உள்ளூர் அரைத்தொழில்முறை அணிக்கு ஆடினார். ஒரு ஆட்டத்துக்கு 6 டாலர் சம்பளம், மைதானம் என்ற பெயரில் புல் முளைக்காத கட்டாந்தரை. அடுத்த வருடம் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியிலிருந்து ஒரு போன் வந்தது, வந்து ஆடிக் காட்டு என்று. போய்ச் சேர்ந்தார், மாற்று ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டார்கள்.

1956 சீசனில் முதல்நிலை குவாட்டர்பேக் ஜார்ஜ் ஷா, சிகாகோ பேர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் காயமடைந்ததும் யுனைட்டஸை உள்ளே அனுப்பினார்கள். அவர் வீசிய முதல் பாஸை பேர்ஸ் ஆட்டக்காரர் குறுக்கே பிடித்து நேராக டச்டவுனுக்கு ஓடிவிட்டார். அதற்கப்புறம் ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுக்கும்போதும் கை தவறியது. ஆட்டம் 58-27 என்று முடிந்தது, பால்டிமோர் தோல்வி. இந்தக் கதையைப் பால்டிமோர்க்காரர்கள் விட்டுவிடாமல் சொல்வார்கள், மறைக்கவே மாட்டார்கள். அதில் அவர்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது, அது எதற்கென்று கடைசிவரை படித்தால் உங்களுக்கே பிடிபடும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் பால்டிமோரும் அப்படிப்பட்ட ஊர்தான். ஒரு பக்கம் தலைநகர் வாஷிங்டன், இன்னொரு பக்கம் பிலடெல்ஃபியா, அதைத் தாண்டினால் நியூயார்க். நடுவில் துறைமுகமும் ஸ்பாரோஸ் பாயின்ட் இரும்பாலையும் வரிசை வீடுகளுமாக ஒரு தொழிலாளர் ஊர், ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்து போகிற ஊர். இன்னொரு அணி கழித்துக்கட்டிய, கூலி வேலை பார்த்த, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு கணுக்காலை மூடும் கறுப்பு ஷூ போட்டு வரும் ஒருவர் அவர்களுடைய தலைவர் ஆனதும், ஊர் தன்னையே அவரில் பார்த்துக்கொண்டது. 33-ஆவது தெருவில் இருந்த மெமோரியல் ஸ்டேடியத்தில் கோல்ட்ஸ் ஆடினால் எழும் சத்தம் நாடு முழுக்கப் பெயர் போனது.

இப்போது 1958 டிசம்பர் 28-க்கு வருவோம். நியூயார்க் யாங்கி ஸ்டேடியம், என்.எஃப்.எல். எனும் தேசிய ஃபுட்பால் லீகின் சாம்பியன்ஷிப் ஆட்டம், எதிரணி நியூயார்க் ஜயண்ட்ஸ், மைதானத்தில் 64,185 பேர், டிவியில் சுமார் 4.5 கோடிப் பேர். சூப்பர் பவுல் என்ற ஒன்றே அப்போது இல்லை, இதுதான் வருடத்தின் கடைசி ஆட்டம். ஒரு குவாட்டர்பேக்கை ரசிகர்கள் எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் நான் இந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியைத்தான் காட்டுவேன்.

நான்காவது கால்பகுதி முடியப் போகிறது, ஜயண்ட்ஸ் 17, கோல்ட்ஸ் 14. ஜயண்ட்ஸின் ஃபிராங்க் கிஃபர்ட் இன்னும் கொஞ்சம் தூரம் ஓடியிருந்தால் பந்து அவர்களிடமே இருந்திருக்கும், ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். கோல்ட்ஸின் ஜீனோ மார்கெட்டி அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார், அந்த மோதலில் மார்கெட்டியின் கால் எலும்பு முறிந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனவர்களை நிறுத்தச் சொல்லி, மைதான ஓரத்தில் படுத்தபடியே மிச்ச ஆட்டத்தைப் பார்த்தார். ஜயண்ட்ஸ் பந்தை உதைத்து அனுப்ப, கோல்ட்ஸுக்கு அது தங்கள் பக்கத்து 14-ஆவது யார்டில் கிடைத்தது. முன்னால் 86 யார்டு, கையில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

முதல் இரண்டு பாஸ் வீணாயின. மூன்றாவதில் லென்னி மூருக்கு 11 யார்டு. அப்புறம் ரேமண்ட் பெர்ரி, மறுபடி பெர்ரி, மூன்றாவது தடவையும் பெர்ரி. 25 யார்டு, 15 யார்டு, 22 யார்டு. அடுத்தடுத்து மூன்று தடவை ஒரே ஆளுக்கு வீசுவது என்றால் எதிரணி அவரை மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அவர்களுக்கும் பெர்ரியைத் தெரியும், இரண்டு பேரை வைத்துக்கூடக் காவல் காத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் குவாட்டர்பேக் வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பெர்ரி 20-ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர், வேகமான ஓட்டக்காரர் இல்லை, கண்பார்வையும் குறைவு, லென்ஸ் போட்டுக்கொண்டு ஆடியவர். பயிற்சி முடிந்து எல்லோரும் குளித்துக் கிளம்பிய பிறகு இவரும் யுனைட்டஸும் மட்டும் மைதானத்தில் இருப்பார்கள். இத்தனை அடி ஓடு, இந்தப் பக்கம் திரும்பு, நீ திரும்பும்போது பந்து அங்கே இருக்கும் என்று ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடிப் பார்ப்பார்கள். விஷயம் என்னவென்றால், ஆள் திரும்பிய பிறகு வீசினால் நேரமாகிவிடும், காவல்காரன் வந்துவிடுவான். ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும்போதே, அவர் இன்னும் போய்ச் சேராத ஒரு வெற்று இடத்துக்குப் பந்தை வீச வேண்டும். அவர் அங்கே இருப்பார் என்று நம்பி வீச வேண்டும், அவரும் பந்து வரும் என்று நம்பித் திரும்ப வேண்டும். இன்றைக்கு எல்லா அணியும் இப்படித்தான் ஆடுகிறது. அதை இந்த அளவுக்குத் துல்லியமாக்கிக் காட்டிய ஜோடிகளில் இவர்கள் முன்வரிசை. அன்றைக்கு பெர்ரி மொத்தம் 12 பாஸ் பிடித்தார், 178 யார்டு.

7 நொடி மிச்சமிருக்கும்போது ஸ்டீவ் மைரா ஃபீல்டு கோல் அடித்தார், 17-17. என்.எஃப்.எல். சாம்பியன்ஷிப் ஆட்டம் ஒன்று அதற்கு முன்னால் கூடுதல் நேரத்துக்குப் போனதே இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று சில ஆட்டக்காரர்களுக்கே தெரியவில்லை, வீட்டுக்குப் போக வேண்டியதுதானா என்று நின்றார்களாம். முதலில் புள்ளி எடுப்பவர்கள் ஜெயிப்பார்கள் என்பதுதான் விதி. முதலில் பந்து கிடைத்த ஜயண்ட்ஸால் 10 யார்டு நகர முடியவில்லை. பந்து கோல்ட்ஸிடம் வந்தது, 20-ஆவது யார்டில்.

13 டவுன், 80 யார்டு. அதில் கடைசிக்கு முந்தைய டவுனைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறார்கள். கோல்ட்ஸ் கிட்டே வந்துவிட்டது, ஒரு ஃபீல்டு கோல் போதும், ஆட்டம் முடிந்துவிடும். யாராக இருந்தாலும் பந்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு உதைக்கத்தான் பார்ப்பார்கள். யுனைட்டஸ் பாஸ் வீசினார். ஓரக்கோட்டுப் பக்கம் ஜிம் மட்ஷெல்லருக்கு, 6 யார்டு, பந்து இப்போது ஒரு யார்டு தூரத்தில். குறுக்கே யாராவது பிடித்திருந்தால் எல்லாம் போயிருக்கும். பிறகு அதைப் பற்றிக் கேட்டவர்களிடம், என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் பந்து பறிபோகாது என்கிற மாதிரி பதில் சொன்னார். அடுத்த டவுனில் ஆலன் அமீச்சி தலையைக் குனிந்துகொண்டு நடுவே பாய்ந்தார், 23-17. துண்டு துண்டாகக் கிடைக்கிற கறுப்பு வெள்ளைக் காட்சியில் நான் அமீச்சியைவிட யுனைட்டஸைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பந்தைக் கொடுத்துவிட்டு டச்டவுன் ஆனதும் குதிக்கவில்லை, கையைத் தூக்கவில்லை, அப்படியே திரும்பி நடக்கிறார். ஷிஃப்ட் முடிந்து மில் வாசலைத் தாண்டுகிறவர் போல.

அன்றிரவு பால்டிமோர் விமான நிலையத்தில் சுமார் 30,000 பேர் கூடினார்கள். அமெரிக்காவில் டிவியும் ஃபுட்பாலும் சேர்ந்து பெரிய வியாபாரமாக வளர்ந்ததற்கு அந்த ஆட்டத்தை ஒரு தொடக்கமாகச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் பால்டிமோரில் யாரும் டிவி வியாபாரத்துக்காக அதை நினைத்துக்கொண்டிருக்கவில்லை. நியூயார்க்கில் போய், நியூயார்க்கை ஜெயித்துவிட்டு வந்தார்கள். அடுத்த வருடமும் அதே ஜயண்ட்ஸை 31-16 என்று ஜெயித்தார்கள்.

இனி எண்களுக்கு வருகிறேன், புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். யுனைட்டஸின் மொத்தக் கணக்கு: 40,239 யார்டு, 290 டச்டவுன் பாஸ், எதிரணி பறித்தது 253. பிரேடியுடையது 89,214 யார்டு, 649 டச்டவுன், பறிபோனது 212. இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பையன், என்னங்க இது, பாதிகூட இல்லையே என்பான். அவனைக் குறை சொல்ல முடியாது, எண்கள் அப்படித்தான் இருக்கின்றன.

ஆனால் யுனைட்டஸ் ஆட வந்தபோது ஒரு சீசனுக்கு 12 ஆட்டம்தான், இப்போது 17. பந்து வீசப்படுகிறவரை, அதைப் பிடிக்க ஓடும் ரிசீவரை மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் இடித்துத் தள்ளலாம், 1978-இல்தான் முதல் 5 யார்டுக்கு அப்பால் தொடக்கூடாது என்று மாற்றினார்கள். குவாட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் கையை விரித்துத் தள்ளவும் அதே வருடம்தான் அனுமதி வந்தது. குவாட்டர்பேக்கின் தலையில், முழங்காலில் விழக்கூடாது என்கிற இன்றைய பாதுகாப்பு விதிகள் எதுவும் அப்போது கிடையாது. அப்படிப்பட்ட காலத்தில் 40,000 யார்டைத் தொட்ட முதல் ஆள் அவர், 1959-இல் வெறும் 12 ஆட்டத்தில் 32 டச்டவுன் பாஸ் வீசினார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் குறைந்தது ஒரு டச்டவுன் பாஸாவது வீசியிருந்தார். அந்தச் சாதனையை 2012 அக்டோபரில் நியூ ஆர்லியன்ஸின் ட்ரூ பிரீஸ் முறியடிக்கும்வரை, 52 வருடம், யாரும் தாண்டவில்லை. விதிகள் தளர்ந்து, பாஸ் ஆட்டமே ஆட்டம் என்று ஆன பிறகும் இத்தனை வருடம் பிடித்தது என்பதைத்தான் நான் அந்தப் பையனுக்குச் சொல்வேன்.

எல்லாமே வெற்றிக் கதையும் இல்லை. 1968-இல் முழங்கை காயத்தால் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார், அந்த சீசனின் முடிவில் நடந்த சூப்பர் பவுலில் கோல்ட்ஸ் நியூயார்க் ஜெட்ஸிடம் 16-7 என்று தோற்றது. பிற்பாதியில் அவரை இறக்கியும் பிடிக்க முடியவில்லை, கோல்ட்ஸின் ஒரே டச்டவுன் அவர் வந்த பிறகு கிடைத்ததுதான். இரண்டு வருடம் கழித்து டல்லஸை 16-13 என்று ஜெயித்தார்கள், அதிலும் அவர் பாதியிலேயே காயப்பட்டு வெளியேறினார். 1972-இல் நிர்வாகம் மாறியது, அவரை ஆட வைக்காமல் ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

அந்த வருடம் டிசம்பர் 3, பஃபலோ பில்ஸுக்கு எதிரான ஆட்டம், மெமோரியல் ஸ்டேடியத்தில் அவருக்கு அதுதான் கடைசி என்று எல்லோருக்கும் தெரியும். மேலே ஒரு சின்ன விமானம் பேனரை இழுத்துக்கொண்டு பறந்தது. 'ஒன்றுபட்டு நிற்போம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு, ஒலி பொருந்துகிற அவர் பெயரை வைத்திருந்தார்கள்: 'யுனைட்டஸ் வீ ஸ்டாண்ட்'. நான்காவது கால்பகுதியில் மற்ற குவாட்டர்பேக்குக்குக் காயம் பட, அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தார். எடி ஹின்டனுக்கு ஒரு பாஸ், 63 யார்டு, டச்டவுன். அடுத்த மாதம் அவரை சான் டியேகோவுக்கு விற்றார்கள். அங்கே ஒரு சீசன் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார், 1979-இல் ஃபுட்பாலின் பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

'லெகசி' என்று அங்கே சொல்கிறார்கள், நம் பேச்சில் அதைப் பேர் சொல்லும்படி விட்டுப்போனது என்று வைத்துக்கொள்ளலாம். அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வழக்கமாக வருவதில்லை, ஆட்டக்காரர், அணி, ஊர் எல்லாம் ஒரே இடத்தில்தானே இருக்கும். பால்டிமோரில் அது பிரிந்து போனது.

1984 மார்ச் 28 இரவு. அணி முதலாளி ராபர்ட் இர்சேக்கும் ஊருக்கும் புது ஸ்டேடியம் பற்றி வருடக்கணக்கில் இழுபறி. அணியை அரசே எடுத்துக்கொள்ள வழி செய்யும் சட்டம் ஒன்று மேரிலாந்து சட்டமன்றத்தில் வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. அது கையெழுத்தாகும் முன்பே மேஃப்ளவர் கம்பெனியின் மூட்டை ஏற்றும் லாரிகள் அணியின் அலுவலகத்துக்கு வந்தன, பனிமழை கொட்டக் கொட்ட ஹெல்மெட், கோப்பை, கோப்பு, எடைக்கட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் இண்டியானாபொலிஸுக்குக் கிளம்பிவிட்டன. காலையில் எழுந்தபோது ஊருக்கு அணி இல்லை. பெயர் போனது, குதிரைலாடம் சின்னம் போனது, சாதனைப் பட்டியலும் போனது. இன்றைக்கும் அதிகாரப்பூர்வக் கணக்கில் யுனைட்டஸின் யார்டுகள் எல்லாம் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் வரலாற்றில்தான் வரும்.

அவர் அதை ஏற்கவே இல்லை. அந்த அணியோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளவில்லை, நான் ஆடியது பால்டிமோர் கோல்ட்ஸுக்கு என்பார். அப்படிக் குறிப்பிடாவிட்டால் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் தன் காட்சிப்பொருளையே எடுத்துவிடச் சொல்லிப் பல தடவை கேட்டார். தன்னிடமிருந்த பழைய நினைவுப்பொருட்களை பால்டிமோரில் உள்ள பேப் ரூத் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

ஊர் மக்களும் விடவில்லை. அணிக்கு ஒரு பேண்டு வாத்தியக் குழு இருந்தது. லாரிகள் வந்த இரவில் அவர்களுடைய சீருடைகள் சலவைக்குப் போயிருந்ததால் தப்பின. அதை எடுத்து மறைத்து வைத்துக்கொண்டார்கள், அணியே இல்லாத அணியின் பேண்டாக 12 வருடம் ஊர்வலங்களிலும் மற்ற ஊர் ஆட்டங்களிலும் வாசித்தார்கள். 1994-இல் கனடா லீகைச் சேர்ந்த அணி ஒன்று பால்டிமோருக்கு வந்தபோது அதற்கும் கோல்ட்ஸ் என்றே பெயர் வைக்கப் பார்த்தார்கள், என்.எஃப்.எல். நீதிமன்றத்துக்குப் போய்த் தடுத்துவிட்டது. மைதான அறிவிப்பாளர் 'உங்கள் பால்டிமோர்...' என்று இழுத்து நிறுத்துவார், கூட்டம் 'கோல்ட்ஸ்!' என்று முடித்து வைக்கும். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

1996-இல் கிளீவ்லேண்டிலிருந்து ஒரு அணி பால்டிமோருக்கு வந்தது, அதுதான் ரேவன்ஸ். தங்களுக்கு நடந்ததே இன்னொரு ஊருக்கும் நடந்ததில் பால்டிமோரில் பலருக்கு மனக்கஷ்டம் இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம், பிரவுன்ஸ் என்ற பெயரும் நிறமும் சாதனைகளும் கிளீவ்லேண்டிலேயே இருக்கும் என்று இந்தத் தடவை ஒப்பந்தம் போட்டார்கள், 1999-இல் அங்கே புது அணி அதே பெயரில் தொடர்ந்தது. பால்டிமோருக்கு அப்படி யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. ரேவன்ஸ் ஆட்டங்களில் மைதான ஓரத்தில் யுனைட்டஸ் வந்து நிற்பார். அந்த அணிக்கு அவர் ஒரு டவுன்கூட ஆடியதில்லை, ஆனால் அவர் நின்றதும்தான் பல பழைய ரசிகர்களுக்கு இது நம் அணி என்ற நம்பிக்கை வந்தது.

அந்த வருடங்களில் அவர் வலதுகை கிட்டத்தட்டச் செயலிழந்திருந்தது. மைதானத்தில் பட்ட அடிகள்தான் காரணம். சட்டைப் பித்தான் போட முடியாது, முள்கரண்டி பிடிக்க முடியாது, கோல்ஃப் ஆடும்போது மட்டையைக் கையோடு சேர்த்து ஒட்டுப்பட்டையால் கட்டிக்கொள்வார். பெர்ரி திரும்புவதற்கு முன்பே பந்தை அங்கே கொண்டு சேர்த்த கை அது. உடல்குறைபாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை.

2002 செப்டம்பர் 11 அன்று மாரடைப்பில் இறந்தார், வயது 69. அப்போது இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் குவாட்டர்பேக் பேட்டன் மானிங். அவரும் பெரிய ஆட்டக்காரர், யுனைட்டஸ் மேல் மரியாதை வைத்திருந்தவர், அந்த ஊர் ரசிகர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவர்கள் யாரும் லாரி ஓட்டி வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் யுனைட்டஸ் நினைவாகக் கறுப்பு உயர ஷூ போட்டுக்கொள்ளலாமா என்று மானிங் கேட்டார், சீருடை விதிப்படி கூடாது, போட்டால் 25,000 டாலர் அபராதம் என்று லீக் சொன்னது, அவர் போடவில்லை. பால்டிமோரில் ரேவன்ஸ் குவாட்டர்பேக் கிறிஸ் ரெட்மேன், யுனைட்டஸ் படித்த அதே லூயிவில்லில் படித்தவர், யாரிடமும் கேட்காமல் கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினார். 5,000 டாலர் அபராதம் போட்டார்கள்.

ரேவன்ஸ் ஸ்டேடியத்தின் வாசலில் யுனைட்டஸுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது, பாஸ் வீசுவதற்காகக் கையைப் பின்னால் ஓங்கியபடி, காலில் அதே உயர ஷூவோடு. ஆட்டத்துக்குப் போகிறவர்கள் உள்ளே நுழையும் முன் அந்த ஷூவை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போகிறார்கள். எட்டாத பிள்ளைகளை யாராவது தூக்கிப் பிடிக்கிறார்கள்.